ராமேசுவரத்தில் எங்கே ஜாகை?

ராமேசுவர யாத்திரை என்றால் நம்மவர் வீடுகளில் ஒரு மாதத்துக்கு முன்பே ஆலோசனை தொடங்கிவிடும். எந்தத் திதியில் போவது, பஸ்ஸிலா ரயிலிலா, காசியிலிருந்து வந்த கங்கைச் செம்பை யார் கையில் கொடுப்பது, புளியோதரைக்கு எத்தனை படி அரிசி போடுவது என்று வீடே ஒரு சட்டசபை ஆகிவிடும். ஆனால் போன இடத்தில் எந்தத் தெருவில் ஜாகை போடுவது என்ற விஷயம் மட்டும் அந்தச் சபையில் வருவதே இல்லை. "அங்கே போய்ப் பார்த்துக்கொண்டால் போகிறது" என்று விட்டுவிடுவார்கள். நாமும் அப்படி விட்டவர்கள்தாம். அதனால் ஒரு முறை தேகத்துக்கும் ஒரு முறை மனத்துக்கும் நேர்ந்த சிரமத்தை நேயர்களிடம் சொல்லிவிடலாம் என்றே இதை எழுதுகிறோம்.

திருவாடானையில் வசிக்கும் நமக்கு ராமேசுவரம் தூர தேசம் அல்ல; நூறு கிலோமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். சம்பந்தர் பாடிய ஆதிரத்தினேசுவரர் சந்நிதியில் விடை பெற்றுக்கொண்டு பஸ் ஏறினால், நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெயர் பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பார்த்துக்கொண்டே ராமநாதபுரம் போய்விடலாம். பழைய சேது யாத்திரிகர்கள் போன வழி வேறு. அவர்கள் கடலோரமாக உப்பூர்ப் பிள்ளையாரைத் தொழுது, தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றி, திருப்புல்லாணியில் சேதுக்கரையில் மூழ்கி, அதன் பிறகே ராமேசுவரத் தீவுக்குள் கால் வைப்பார்கள்.

அந்த வழி நெடுக அவர்களுக்கு ஜாகை ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. தஞ்சை மராட்டிய மன்னர்களும் சேதுபதி மன்னர்களும் வழியெல்லாம் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி காலத்து முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சேதுபாவாசத்திரம் என்ற ஊருக்குப் பெயரே சத்திரத்தால் வந்தது. நடந்து வந்தவனுக்கு இருட்டுகிற இடத்தில் ஒரு திண்ணை, ஒரு கிணறு, ஒரு வேளைச் சோறு. அதற்கு மேல் எந்தப் பேட்டை நல்லது என்று ஆராய அவனுக்கு அவசியம் இல்லை.

தீவுக்குள் வந்துவிட்டால் அவனுக்குப் பண்டாக்கள் இருந்தார்கள். ராமேசுவரத்தில் பரம்பரையாகப் பூஜை செய்கிற மராட்டிய அந்தணர் குடும்பங்கள், வட தேசத்து யாத்திரிகரைத் தங்கள் வீடுகளிலேயே தங்க வைத்து, அவருடைய பாட்டனார் எந்த ஆண்டு வந்தார் என்பதைப் பழைய கணக்குப் புஸ்தகத்தில் காட்டுவார்கள். காசிக்குப் போகிற தமிழரும் இப்படித்தானே செய்கிறார்கள்? அங்கே அனுமான் கட்டத்தையும் கேதார கட்டத்தையும் நாடிப் போவார்கள். நகரத்தார் சத்திரத்தில் இடம் கேட்பார்கள். அயலூரில் தன் பாஷை காதில் விழுகிற தெருவைத் தேடுவது மனித சுபாவம். ராமேசுவரத்தில் மார்வாரிகளும் குஜராத்திகளும் கட்டிய தர்மசாலைகளின் வாசலில் காலை வேளையில் நின்றால், பாரத தேசத்தின் பாதி பாஷைகளைக் கேட்டுவிடலாம்.

இனி ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். தீவின் கிழக்குக் கரையில் கோயில். கீழைக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல்; அதுவே அக்கினி தீர்த்தம். கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். தென்மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் ரயில் நிலையம். மேற்கே, மதுரைச் சாலையில், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பஸ் நிலையம். வடமேற்கே ராமர் பாதம் உள்ள கந்தமாதன பர்வதம். வடகிழக்கே மீன்பிடிப் படகுத் துறை. படத்தில் பார்த்தால் எல்லாம் கையளவு தூரம்தான். ஈரப் புடவையுடன் நடக்கிற கிழவிக்கு இந்தக் கணக்கு வேறு.

ராமேசுவரத்தில் தரிசனம் வேறு ஊர்களைப் போன்றதல்ல என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விடியுமுன் ஐந்து மணிக்கு நடை திறந்தவுடன் ஸ்படிக லிங்க தரிசனம். பிறகு கடலில் ஸ்நானம். நனைந்த துணியோடு கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஓர் ஆள் நின்று வாளியை விட்டு இறைத்துத் தலையில் ஊற்றுவார். கருங்கல் தரை முழுவதும் தண்ணீர். கடைசியில் கோடி தீர்த்தம். அதன் பிறகு துணி மாற்றினால்தான் சுவாமி சந்நிதிக்குப் போகலாம்; ஈரத் துணியுடன் விடமாட்டார்கள். மத்தியான்னம் ஒரு மணிக்கு நடை சாத்திவிடும். இத்தனைக்கும் நடுவில் உலர்ந்த துணி எங்கே இருக்கிறது, வயதானவர் எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குவார் என்பதே ஜாகையின் முழு ரகசியம்.

2018-ஆம் ஆண்டு, தகப்பனார் காலமான மறு வருஷம், தை அமாவாசைக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதை உத்தேசித்தே லிப்டு உள்ள விடுதி வேண்டும் என்று பஸ் நிலையத்துக்கு அருகில் புதிதாகக் கட்டிய ஒன்றில் முன்கூட்டியே அறை எடுத்தோம். அறை படு சுத்தம், வெந்நீர் உண்டு, மாடியிலிருந்து பார்த்தால் கோபுரமும் தெரிந்தது. நம்முடைய புத்திசாலித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம். மறுநாள் விடியற்காலையில் ஆட்டோ கிடைத்து அக்கினி தீர்த்தம் போய்விட்டோம். திரும்பும்போது அல்லவா தெரிந்தது! அமாவாசைக் கூட்டத்தில் கோயிலைச் சுற்றி வண்டிகளை விடவில்லை. மாற்றுத் துணி மூட்டையோ அறையிலேயே இருந்தது. "இரண்டு கிலோமீட்டர்தானே, ஆட்டோவில் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்" என்று முந்தின இரவு சொன்னவர் நாமேதான். அம்மா ஈரச் சேலையோடு, கடற்காற்றில், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தாள். "என்ன தம்பி, இம்புட்டுத் தூரமா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அறைக்கு வந்ததும் படுத்துவிட்டாள். ஒரு மணிக்கு நடை சாத்தும் வரை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அன்று இரவே ஜுரம். கணவனுக்காக இருபத்திரண்டு கிணற்றிலும் நீராடியவள், சுவாமியைப் பார்க்காமலே ஊர் திரும்பினாள்.

பஸ் நிலையத்துப் பேட்டையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வண்டி நிறுத்த இடம் உண்டு. தனுஷ்கோடிக்கும், பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்கும், பாம்பனுக்கும் கோயில் நெரிசலில் சிக்காமல் புறப்படலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வருகிற ஆசிரியர்கள் அங்கேயே தங்கலாம். பிள்ளைகளுக்கு நடக்க முடியும், நமக்குத்தான் முடியாது.

சந்நிதித் தெருவும் அக்கினி தீர்த்தக் கரையும் நேர் எதிர். ஸ்நானத்துக்கும் தரிசனத்துக்கும் இடையில் ஐந்து நிமிஷத்தில் அறைக்கு வந்து துணி மாற்றிவிடலாம். கடற்கரையோரமாகச் சற்று வடக்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் இருக்கிறது. அங்கே சந்தடி குறைவு. ஆனால் சந்நிதித் தெருவின் பழைய கட்டடங்களில் மாடிப்படி ஏணி மாதிரி இருக்கும். இரவு இரண்டு மணிக்கே வட தேசத்துக் கூட்டம் வந்து இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். வாசலில் இறங்குமுன்பே தரகர்கள் பெட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் காட்டுகிற அறைக்கு அமாவாசையன்று என்ன வாடகை என்று கேட்டால், அந்தத் தொகையில் நம் ஊரில் ஒரு சிறு கலியாணத்துக்கு வாழை இலை வாங்கிவிடலாம். ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளை விட்டுச் சாதாரண நாளில் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதிகூட இல்லை.

மேலவாசல் பக்கம் நடுத்தரம். ரயிலடியிலிருந்து வருகிறவர்களுக்குச் சமீபம். மேலைக் கோபுரத்தின் வழியே நுழைந்தால், 1,212 தூண்கள் உள்ள மூன்றாம் பிராகாரத்தில் மழை வெயில் படாமல் நடக்கலாம். தீர்த்தமாடும் உத்தேசம் இல்லாமல், அந்தத் தூண்களையே பார்க்க வருகிற ரசிகர்களுக்கு அதுவே உசிதம்.

ராமேசுவரத்துக்குள் தங்காமல் ராமநாதபுரத்தில் தங்கிப் போய் வருவதும் உண்டு. அதற்குக் காரணம் எப்போதும் கடல்தான். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-இல்தான் திறந்தது. அதுவரை தீவுக்கு ரயிலும் படகும்தான் கதி. 2022 டிசம்பர் மாதம் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அது முதல், புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கும் வரையில், ரயில்கள் மண்டபத்தோடு நின்றுவிட்டன. அந்த இரண்டு வருஷத்துக்கு மேலாக வட தேசத்து யாத்திரிகர்கள் மண்டபத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிப் பஸ்ஸுக்கு நின்ற காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். அப்போது மண்டபமும் ராமநாதபுரமும் ஜாகைக்கு ஏற்ற ஊர்களாக இருந்தன. இப்போது ரயில் தீவுக்குள் போகிறது. விடியற்காலைத் தரிசனத்தை விட மனமில்லாதவர்கள் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் படுக்க வேண்டியதில்லை.

தனுஷ்கோடியில் தங்க முடியுமா என்று சில வாலிபர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் முடிந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் இரவைக் கழித்த ஊர் அது. ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்கச் சாவடி, மாதா கோயில் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் அடித்த புயல் அவ்வளவையும் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து போன ரயில் வண்டி, ஏறியிருந்தவர்களோடு அலைக்குள் மறைந்தது. 2017 முதல் அரிச்சல் முனை வரை நல்ல சாலை இருக்கிறது. ஆனால் இருட்டுமுன் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த மணலில் நின்று பார்த்தவர்களுக்கு அதற்குக் காரணம் கேட்கத் தோன்றாது.

இனி மனத்தில் தைத்த விஷயத்துக்கு வருகிறோம். 2023 தை அமாவாசைக்கு அம்மா மறுபடியும் புறப்பட்டாள்; விட்டுப்போன தரிசனத்தை முடிக்க வேண்டும் என்று. நம்முடன் பணியாற்றும் கணித ஆசிரியரும் அவர் மனைவியும் உடன் வந்தார்கள். அவர் தமையனார் முந்திய ஆண்டு தவறியிருந்தார். சென்ற முறை பட்டது போதும் என்று, கோயிலுக்கு அருகிலேயே நம் இனத்தார் நடத்துகிற ஒரு சத்திரத்துக்குப் போனோம். அங்கே அதற்கு முன்பும் தனியாக இரண்டு தடவை தங்கியிருக்கிறோம். தரைத் தளத்தில் அறை, வாடகை சொற்பம், சாப்பாட்டு வேளையில் பந்தி. இரவு ஒன்பது மணி. பாலத்தில் ஏற்பட்ட வண்டி நெரிசலில் சிக்கி எல்லாரும் களைத்திருந்தோம். அம்மா கூடத்துப் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள்.

கணக்குப்பிள்ளை பதிவுப் புஸ்தகத்தைத் திறந்தார். நம் பெயரையும் ஊரையும் எழுதினார். நண்பரிடம் ஊரைக் கேட்டார், பிறகு வேறொன்றும் கேட்டார். நண்பர் மறைக்காமல் சொன்னார். கணக்குப்பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டு, "சத்திரத்துச் சட்டம் சார். நம்மவர்களுக்கு மட்டும்தான். என் கையில் ஒன்றும் இல்லை" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நண்பர் சிரித்துக்கொண்டே, "அம்மாவை வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே அலைவீர்கள் சார்? இங்கேயே இருங்கள். நாங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்துக்கொள்கிறோம். காலையில் கடற்கரையில் சந்திப்போம்" என்றார்.

உண்மையை எழுத வேண்டும். அந்தச் சட்டம் நமக்குத் தெரியாததல்ல. இரண்டு முறையும் அதே புஸ்தகத்தில் அதே கேள்விக்கு விடை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள்தாமே நாம்! 1939-இல் மதுரையில் வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களை மீனாட்சி சந்நிதிக்கு அழைத்துச் சென்ற வரலாற்றை வருஷந்தோறும் வகுப்பில் உணர்ச்சியோடு சொல்கிறோம். 1950-இல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம், 17-ஆம் பிரிவுகளை மாணவர்களிடம் நெட்டுருவாகக் கேட்கிறோம். அவ்வளவும் தெரிந்த நாம் அப்போது செய்தது என்ன? அம்மாவின் முழங்காலை ஒரு பார்வை, வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, காலையில்..." என்று வாயைத் திறந்தோம்.

"சாமானை இன்னும் அவிழ்க்கலையே?" என்றாள் அம்மா. அவள் எழுந்து நின்றுவிட்டாள். "எடு தம்பி. இதை வரும்போதே விசாரிச்சிருக்கக் கூடாதா? இவுகளை வாசல்ல நிக்க வச்சுட்டு."

நம் மனைவி அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்றது அமாவாசைக்கு முந்தின இரவு. கேட்ட இடமெல்லாம் இடம் இல்லை. ஒரு மணி நேரம் அலைந்தோம். கடைசியில் ஒரு தேநீர்க் கடைக்காரர் வழி காட்டிப் பள்ளிவாசல் தெருவின் பக்கம் போனோம். அப்துல் கலாம் 1931-இல் பிறந்த வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது. இப்போது அது காட்சிசாலை. கோயிலிலிருந்து பத்து நிமிஷ நடை என்று அவரே எழுதியிருக்கிறார். வகுப்பில் முன்வரிசையிலிருந்து அவரைப் பின்னுக்கு அனுப்பிய ஆசிரியரைக் கோயில் அர்ச்சகரான லட்சுமண சாஸ்திரிகள் கண்டித்த சம்பவத்தை 'அக்கினிச் சிறகுக'ளில் படித்திருக்கிறோம். அன்றிரவு அதை நினைக்க நமக்குக் கொஞ்சமும் சௌகரியமாக இல்லை.

அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில், தம் வீட்டின் பின்கட்டை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு முகம்மதியப் பெரியவர் இரண்டு அறைகள் கொடுத்தார். ஊரும் பேரும் எழுதிக்கொண்டார், அரசாங்க அடையாள அட்டையைப் பார்த்தார், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் உப்பு; குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று ஒரு குடத்தைக் காட்டினார். "விடியல்ல எத்தனை மணிக்குப் போவீக? கேட்டைத் திறந்து வைக்கணுமே" என்று மட்டும் கேட்டார். நான்கு மணிக்கு எழுந்தபோது கதவு திறந்திருந்தது. சந்தில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை மாற்றுத் துணி கையிலேயே இருந்தது. நண்பரின் மனைவி அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, நம் மனைவி இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ள, வழுக்கும் கல்லில் இருபத்திரண்டு கிணறும் ஆயிற்று. பதினொரு மணிக்குச் சுவாமி தரிசனமும் ஆயிற்று.

தொண்டியிலிருந்து ஹஜ் யாத்திரை போய் வந்த ஒரு நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னோம். மக்காவிலும் இதே கணக்குத்தானாம்: ஹரம் பள்ளிக்கு நெருங்க நெருங்க வாடகை ஏறும், தூரப் போனால் கால் வலிக்கும். "ஆனால் சார், ஜாகை என்றால் முதலில் யாரோடு போகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் தெரு" என்றார்.

ஆகவே இப்போது புறப்படுகிறவர்கள் அறைக்குப் பேசும்போது சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்டுவிடுவது நல்லது. கீழ்த்தளமா, மாடியா? வாடகை இருபத்துநாலு மணிக் கணக்கா, அல்லது நண்பகலில் காலி செய்ய வேண்டுமா? விடியற்காலம் மூன்று மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு இதில் ஒரு நாள் வாடகை போய்விடும். குடிதண்ணீர் எது? அமாவாசையன்று வண்டி எதுவரை வரும்? உடன் வருகிறவர்கள் எல்லாருக்கும் இடம் உண்டா? கடைசிக் கேள்வியை நாம் இப்போது முதலில் கேட்கிறோம். அந்தச் சத்திரத்தின் தருமகர்த்தாக்களுக்கும் நம் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறோம்.

வரும் தை அமாவாசைக்கு இரண்டு குடும்பமும் மறுபடி போவதாக ஏற்பாடு. போன வாரம் அந்தப் பெரியவருக்கு டெலிபோன் செய்தோம். முன்னறைகள் இரண்டையும் ஏற்கெனவே பேசிவிட்டார்களாம். "பின்பக்கம் ரெண்டு ரூம் இருக்கு, தரைதான். ஆனா காலையில மீன் வாடை வரும், அம்மாவுக்குச் சரிப்படுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அம்மாவிடம் கேட்டோம். "தொண்டிக் கரையில பொறந்தவளுக்கு மீன் வாடையா? போடச் சொல்லு" என்றாள்.